காருக்கு இடமுண்டு, குடும்பத்துக்கு?

சென்னைப் பாரிமுனையில், பெரிய வணிக மாளிகை ஒன்றின் ஓரத்தில், ஒரு கல் நிற்கிறது. ஆயிரமாயிரம் பேர் அன்றாடம் அதைக் கடந்து செல்கின்றனர். நின்று படிப்போர் எவருமில்லை. 1773ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் முதல் நாள் என்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நட்டவை ஆறு கற்கள். எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். "இந்தக் கல்லுக்கு இப்பால், கோட்டைப் பக்கமாக, எவரும் கட்டடம் எழுப்பலாகாது" என்பது அந்நாளில் அந்தக் கற்கள் இட்ட கட்டளை.

ஏன் அந்தக் கட்டளை? 1746இல் பிரெஞ்சுக்காரர் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினர். 1758இல் மீண்டும் வந்து முற்றுகையிட்டனர். மதில் ஓரமாக நெருங்கிக் கிடந்த வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகும் என்று கம்பெனியார் அஞ்சினர். "கறுப்பர் நகரம்" என்று அவர்கள் பெயரிட்டழைத்த, நம்மவர் வாழ்ந்த அந்தப் பகுதி அக்காலத்தில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய வெட்டவெளி வேண்டுமல்லவா! குடியிருந்தோர் கல்லுக்கு வடக்கே துரத்தப்பட்டனர்.

பிறகு பிரெஞ்சுக்காரர் பயம் தொலைந்தது. வெட்டவெளியின் தேவையும் தீர்ந்தது. அதே இடத்தில்தான் 1892இல் உயர்நீதிமன்றம் எழும்பிற்று. கட்டலாகாது என்ற கட்டளையை யாரும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. காரணம் போயிற்று, தடையும் போயிற்று. அன்னிய வணிகக் கூட்டத்தாருக்கே புரிந்த இந்தச் சின்னஞ்சிறு உண்மை, நம் நகரமைப்பு விதிகளை வகுத்துக் காவல் காத்து வருவோருக்கு ஏனோ புரியக் காணோம்!

இன்று சென்னையின் தலைமேல் நிற்பது ஒரு கல் அல்ல, ஓராயிரம் கோடுகள். ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்று வண்ணவண்ணமாகத் தீட்டிய மண்டலங்கள். இந்த மண்ணில் இன்னதுதான், இத்தனை அடிதான், இவ்வளவு உயரந்தான், சுற்றிலும் இவ்வளவு காலியிடம் விட்டுத்தான் என்று பக்கம் பக்கமாக விதிகள். 1920இல் பிறந்த சென்னை நகரமைப்புச் சட்டம், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், 1976இல் ஒப்புதல் பெற்ற முதல் முழுமைத் திட்டம், 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் என்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சட்ட மாளிகை அது. அந்த மாளிகைக்கு மட்டும் உயர வரம்பு ஏதும் கிடையாது போலும்!

இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026ஆம் ஆண்டுடன் முடிகிறது. அடுத்த இருபதாண்டுகளுக்கு மூன்றாவது திட்டம் வகுக்கப்படுகிறது. ஆகவே, பேச வேண்டிய வேளை இது. கோடு போட்டு முடித்துவிட்டால், அழிக்க இன்னும் இருபதாண்டு காத்திருக்க வேண்டும்.

விதியே வேண்டாம் என்று கூறுவோரில் நாம் இல்லை. 2014 ஜூன் திங்களில் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து, 61 உயிர்களை மண்ணுக்குள் புதைத்ததை நாடு மறந்துவிடவில்லை. மாண்டவர் அங்கே வீடு வாங்க வந்த சீமான்கள் அல்லர். கூலி தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். அடித்தளம் உறுதியாயிருக்க வேண்டும், தீ பிடித்தால் தப்ப வழி இருக்க வேண்டும், சாக்கடை ஓட வேண்டும் என்ற விதிகளை இன்னும் இறுக்கட்டும், இரும்பாகவே ஆக்கட்டும். நாம் கேள்வி கேட்பது வேறு வகை விதிகளைப் பற்றி. உயிரைக் காப்பாற்றாமல், ஊரைக் காப்பாற்றாமல், சிறிய வீட்டை மட்டும் குற்றமாக்கி வைத்திருக்கிற விதிகளைப் பற்றி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் மனையை அளப்பது கிரவுண்டுக் கணக்கில். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று உண்டு. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்பதே அது. நெடுங்காலம் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, 2019இல் 2 ஆயிற்று. அதாவது ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். ஏழை எளியோருக்கு வாரியம் இப்போது கட்டுகிற வீடு ஏறக்குறைய 400 சதுர அடி. வகுத்தால் பன்னிரண்டு வீடு வருகிறது! படிக்கட்டுக்கும் நடைக்கும் கழித்துக்கொண்டாலும் பத்துக் குடும்பம் குடியிருக்கலாம். இராயப்பேட்டையிலோ புரசைவாக்கத்திலோ ஒரு கிரவுண்டில் பத்துக் குடும்பங்கள்! கேட்கவே இனிக்கிறது.

ஆனால் நடப்பதென்ன? மனையின் முன்னும் பின்னும் பக்கத்திலும் காலியிடம் விட வேண்டும். எத்தனை அடித் தெருவில் எத்தனை உயரம், எத்தனை வீடு என்று ஓர் அட்டவணை நிற்கிறது. நமது பழைய வட்டாரங்களில் தெருக்கள் பல குறுகியவை. ஆகவே அட்டவணையில் அந்தத் தெருவின் இடம் கடைசி வரிசை. அதற்கும் அப்பால் கார் வருகிறது. ஆமாம், கார்! வீடுகளின் எண்ணிக்கையும் பரப்பும் கூடக் கூட, கார் நிறுத்த இடம் விட்டாக வேண்டும். விதிப்படி ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 135 சதுர அடி. அது உள்ளே வரவும் திரும்பவும் வேண்டிய வழியைச் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. வாரிய வீட்டில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரவு முழுதும் சும்மா நிற்கும் ஒரு காருக்கு! மிகச் சிறிய வீடுகளுக்குச் சலுகை உண்டு என்பர். உண்டு, ஆயினும், இந்த வரம்புகளெல்லாம் சேர்ந்து மென்னியைப் பிடிக்கும்போது, மனைக்காரர் என்ன முடிவுக்கு வருகிறார்? பத்துச் சிறு வீடு வேண்டாம், நாலு பெரிய வீடு போதும் என்ற முடிவுக்கு. நாலும் கோடிக் கணக்கில் விலைபோகும். நாலு கார்கள் கீழே நிற்கும். விதி நிறைவேறிவிட்டது! ஆறு குடும்பம் எங்கே போயிற்று என்று கேட்க விதியில் இடமில்லை.

எங்கே போயிற்று? கண்ணகி நகரைப் போய்ப் பாருங்கள். செம்மஞ்சேரியைப் பாருங்கள். பெரும்பாக்கத்தைப் பாருங்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநகரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். மக்கள் தொகையில் நூற்றுக்கு 29 பேர். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தோர், 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னர், கூட்டங்கூட்டமாக இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு சேர்க்கப்பட்டனர். "வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றினோம்" என்றனர். எங்கே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்திலே! மழை கொட்டினால் அங்கும் தண்ணீர் சூழ்கிறது. ஆற்று வெள்ளத்திலிருந்து தப்பி, சதுப்பு வெள்ளத்தில் குடியேறிய விந்தையை என்னென்பது?

அங்கிருந்து மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் பாத்திரம் துலக்கும் தாய்மார் பொழுது விடியுமுன் எழுந்து பேருந்து பிடிக்கின்றனர். பாதிக் கூலி வழியிலே கரைகிறது. பள்ளி மாறிய பிள்ளைகள் சில நாள் போய்ப் பிறகு நின்றுவிடுகின்றனர். வீடு கொடுத்தோம் என்று ஆட்சியாளர் கணக்கெழுதுகின்றனர், கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான்கு சுவர் மட்டுமா வீடு? வேலைக்கு நடந்து போகும் தூரமும், கடனுக்கு அரிசி தரும் கடைக்காரரும், அவசரத்துக்கு ஓடும் பெரிய மருத்துவமனையும் சேர்ந்ததுதானே வீடு!

அந்த ஆறு குடும்பத்தையும் ஊருக்கு வெளியே அனுப்பிய உத்தரவில் எந்த அமைச்சரும் கையெழுத்திடவில்லை. காலியிட விதியும், கார் விதியும், தெரு அகல அட்டவணையும் சேர்ந்து அனுப்பின. சத்தமில்லாமல் அனுப்பின. அதனால்தான் இதுகுறித்து ஊர்வலம் இல்லை, கண்டனக் கூட்டம் இல்லை.

மண்ணில் கோடு கிழித்து மனிதரைப் பிரிப்பது நம் நாட்டுக்குப் புதிய வித்தையா? ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். நடுவே வாய்க்காலோ வயலோ. எந்த அரசிதழிலும் வெளியாகாத அந்த வரைபடத்தை, நூற்றாண்டுக் கணக்கில் அட்சரம் பிசகாமல் அமுல் நடத்திக் காட்டியவர்கள் அல்லவா நம்மவர்கள்! கோடு எதற்குப் பயன்படும் என்பதை எவரும் நமக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும், மண்டலச் சட்டம் என்ற பெயரோடு அதை நாகரிகமாக்கிக் காட்டிய அமெரிக்காவின் கதையைச் சற்றே கேட்பது நல்லது. அங்கே லூயிவில் என்னும் நகரம், வெள்ளையர் தெருவில் கறுப்பர் குடியேறலாகாது என்று வெளிப்படையாகவே சட்டமியற்றிற்று. 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நீதி வென்றது என்று எண்ணினால் ஏமாந்தோம்! அதற்கு முந்தைய ஆண்டே, 1916இல், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் வேறொரு வழி கண்டுவிட்டது. மனிதரின் நிறத்தைப் பற்றிப் பேசவேண்டாம். வீட்டின் அளவைப் பற்றிப் பேசுவோம். "இந்த வட்டாரத்தில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான், அடுக்கு வீடு கூடாது." தீர்ந்தது! அடுக்கு வீட்டில் ஒரு பங்கை மட்டுமே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிந்தவன் தானாகவே வெளியே நின்றான். 1926இல், யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் மண்டலச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பில் அடுக்கு வீட்டை "ஒட்டுண்ணி" என்றே குறிப்பிட்டது. ஏழை ஒண்டியிருக்கும் வீடு ஒட்டுண்ணி; ஏக்கர் கணக்கில் வளைத்துப்போட்ட தோட்ட வீடு கற்புக்கரசி!

அந்த அமெரிக்காவே இன்று கோட்டை அழிக்கத் தொடங்கியிருக்கிறது. மினியாபொலிஸ் நகர மன்றம், ஒரு மனையில் ஒரு வீடுதான் என்ற விதியைக் கைவிட்டு, மூன்று வீடு வரை கட்டலாம் என்று 2018இல் தீர்மானித்தது. கட்டடந்தோறும் காருக்கு இடம் விட்டே தீரவேண்டும் என்ற விதியையும் 2021இல் நகரம் முழுவதும் நீக்கிற்று. வீட்டுக்கு வீடு கார் வைத்திருக்கும் நாட்டில் இது நடக்கிறது. பேருந்தில் தொங்கிச் செல்வோர் நிறைந்த நம் நகரத்தில் காருக்கு இடம் கேட்டுச் சட்டம் நிற்கிறது!

நியூசிலாந்தின் ஆக்லாந்து இன்னும் பெரிய சான்று. அங்கே 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதலாகக் கட்ட வழி திறந்துவிட்டனர். வானளாவும் மாளிகைகள் அல்ல. இரண்டு மாடி, மூன்று மாடி, சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள். ஐந்தாறு ஆண்டுகளில், ஓராண்டில் அனுமதி பெற்ற புதிய வீடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்காயிற்று. விலை அங்கே மலிவாகிவிட்டதா? இல்லை, மலிவு என்ற சொல்லுக்கு அந்நகரம் இன்னும் வெகு தொலைவில்தான். ஆனால் வீடு பெருகிற்று என்பதை மறுப்பாரில்லை.

மறுபக்கம் பம்பாயைப் பாருங்கள். 1991இல் தீவு நகரம் முழுவதற்கும் குறியீடு 1.33 என்று கதவைச் சாத்தினர். நெரிசல் குறையும் என்று எதிர்பார்ப்பு. நெரிசலா குறைந்தது? 2011 கணக்கெடுப்பில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதியில்! மனிதர் வருவதைக் குறியீடு தடுப்பதில்லை. வந்தவர் எங்கே தலை சாய்ப்பது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

கடல் கடந்து சான்று தேடுவானேன் என்று சிலர் கேட்கலாம். வேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது. 1977 முதல், உலக வங்கிக் கடனுதவியோடு நடைபெற்ற நகர வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், பின்னர் முகப்பேர் முதலிய இடங்களில், வழக்கமான அளவுகளைத் தளர்த்தி, மிகச் சிறிய மனைகள் பிரிக்கப்பட்டன. தெருவும் தண்ணீரும் சாக்கடையும் வாரியம் தரும். சுவரை அவரவர் எழுப்பிக்கொள்வர். "இந்தக் குருவிக் கூட்டில் யார் குடியிருப்பார்?" என்று மூக்கைச் சிந்தியவர்கள் உண்டு. இன்று அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஓலையும் ஓடுமாகத் தொடங்கியவை மாடியாகி, மாடிமேல் மாடியாகி, கீழே மளிகைக்கடையும் மேலே வாடகைக் குடித்தனமுமாகக் கலகலவென்றிருக்கின்றன. சட்டம் சற்றே ஒதுங்கி நின்றபோது, கூலிக்காரர் கையால் ஒரு நகரம் எழுந்தது!

அதற்கும் முன்னே, 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு என்பதுதான் நோக்கம். நொச்சிக்குப்பத்தில் கடல் பார்த்த மண்ணில் மீனவருக்கு மாடி வீடுகள் எழுந்தன. அந்த நோக்கம் எப்போது தேய்ந்து, இடிப்பது இங்கே, கொடுப்பது எங்கோ என்று ஆயிற்று? வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினர். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. வாழ்விடம் என்ற சொல்லில் 'இடம்' என்றிருப்பதையும் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

கூடுதல் தளம் கட்டினால் தண்ணீர் எங்கே, சாக்கடை எங்கே என்று கேட்பர். நியாயமான கேள்வி, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நாம் நின்றதை யார் மறப்பார்? ஆனால் பெரும்பாக்கம் போனவர் தண்ணீர் குடிப்பதில்லையா? அங்கே குடித்தாலும் இங்கே குடித்தாலும் குடம் ஒன்றுதான். குழாயின் நீளம்தான் வேறு. சதுப்பின் விளிம்புவரை குழாயும் சாலையும் பேருந்தும் இழுப்பதைவிட, ஊருக்குள் இருக்கும் பழைய குழாயைப் பெரிதாக்குவது எளிது. ஆனால் பெரிதாக்க வேண்டும்! தளத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டுக் குழாயை மறந்தால், எதிர்ப்பவர் வாய்க்கு நாமே அவல் போட்டதாகும்.

குழாய்க்குப் பணம்? பணம் இருக்கிறது. இங்கேதான் இந்த விதிகளின் வேடம் முற்றும் கலைகிறது. அனுமதித்த அளவுக்கு மேல் கட்ட விரும்பினால், அரசிடம் விலை கொடுத்து வாங்கலாம்! சாலை 18 மீட்டர் அகலமானால் பாதிப் பங்கு கூடுதலாக; 12 மீட்டரானால் 40 விழுக்காடு; 9 மீட்டரானால் 30 விழுக்காடு. நிலத்தின் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு கட்டணம். நாம் பணிவோடு கேட்கிறோம்: கூடுதல் தளம் நகரத்துக்குக் கேடு என்றால், காசு வாங்கிக்கொண்டு அந்தக் கேட்டை விற்பது எப்படி? கேடில்லை என்றால், காசில்லாதவனுக்கு மறுப்பது எப்படி? அகலச் சாலையில் மனையும் கையில் பணமும் உள்ளவருக்கு விதி வளையும்; குறுகிய சந்தில் அரைக் கிரவுண்டு வைத்திருப்பவருக்கு விதி நிமிர்ந்து நிற்கும்.

நிமிர்ந்து நிற்கும் என்றதும் கூட முழு உண்மையல்ல. கட்டட அளவை மீறுவோர் மீறிக்கொண்டே இருக்கின்றனர். பிறகு அரசு, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு, 113-சி என்று ஒரு பிரிவு சேர்த்து, 'வரன்முறைப்படுத்தும்'. அனுமதியில்லா மனைகளுக்கும் 2017இல் அவ்வாறே செய்தனர். மீறுவது, அஞ்சுவது, யாருக்கோ கப்பம் கட்டுவது, பிறகு அரசுக்கும் அபராதம் கட்டி மன்னிப்புப் பெறுவது என்று இதுவே நகரத்தின் உண்மையான கட்டட விதியாகிவிட்டது. ஊரே மீறும் சட்டத்தில் பிழை ஊரிலா, சட்டத்திலா?

சில நல்ல அடிகள் எடுத்து வைக்கப்பட்டிருப்பதை மறைப்பது நமக்கு அழகல்ல. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால், அலுவலகம் அலுவலகமாக அலையாமல், இணையத்திலேயே அனுமதி கிடைக்கும் என்றனர். வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் அறிமுகமானபோது அது தரையும் அதன்மேல் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு. தனி வீடு கட்டும் குடும்பத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதே மனையில் நாலு மாடியில் எட்டுக் குடும்பத்தைக் குடிவைக்க முன்வருபவருக்கு ஏன் கூடாது? பழைய அடுக்கு வீடுகளை இடித்துக் கட்ட, மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் போதும் என்ற 2022ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வகையில் நல்லதே. அங்கே வாடகைக்கு இருப்பவர் கதி என்ன என்பதை மட்டும் அது பேசக் காணோம்.

"கட்டட முதலாளிகளுக்குத்தான் கொண்டாட்டம்" என்று நம் தோழர்களிலேயே சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர்கள் சினம் நமக்குப் புரிகிறது. அரசு ஒரு கோட்டை அழித்தால், அந்த நொடியே மனையின் மதிப்பு ஏறுகிறது. உழைக்காமல் வந்த ஏற்றம்! அதை மனைக்காரரும் முதலாளியும் முழுதாக விழுங்க விடலாகாது. ஆகவேதான், கூடுதல் தளம் கிடைக்கும் பெரிய கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு, அதே கட்டடத்தில், அதே வட்டத்தில், குறைந்த வருவாயினருக்கு என்று கேட்கிறோம். பணமாகக் கட்டிவிட்டு ஒதுங்கும் வழி கூடாது. பணமாக வாங்கினால் அது பெரும்பாக்கத்துக்குப் பேருந்து ஏறிவிடும்! ஆனால் முதலாளி இலாபம் பெறுவார் என்பதற்காகச் சிறு வீட்டைத் தடை செய்தே வைப்போம் என்றால், தண்டனை முதலாளிக்கா கிடைக்கிறது? அவருக்குப் பெரிய வீடு விற்கத் தெரியும்.

சிங்கப்பூரில், 1960 முதல் அரசே வீடு கட்டி, இன்று பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேரை அரசு அடுக்கு வீடுகளில் குடிவைத்திருக்கிறது. நம்மிடமும் வீட்டு வசதி வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் நகரின் நடுவே நிலம் உண்டு. பழுதடைந்த பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது, அங்கே குடியிருந்தோருக்கு முதலில் சாவி. பிறகுதான் விற்பனை என்று விதி செய்யட்டும். மண்டலச் சீர்திருத்தம் ஒரு கை என்றால், அரசு கட்டுவது மற்றொரு கை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லிவிடுவோம். கோடுகளில் அழிக்கக் கூடாத கோடும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் உலகச் சிறப்புப் பெற்ற ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தெற்கே கடலோர நிலத்தடி நீர்ப் பகுதி, ஏரி, ஆறு, கழுவெளி ஆகியவற்றில் ஒரு செங்கல்லும் விழலாகாது. நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் கண்டது 1920களின் கதை. அன்று அது சாதனையாகத் தோன்றிற்று. 2015க்குப் பிறகும் அப்படிப் பேசுவோர் இருந்தால், அவரை மழைக்காலத்தில் ஓர் இரவு வேளச்சேரியில் தங்க வைக்கலாம். வினோதம் என்னவென்றால், ஊருக்குள் கட்ட விடாத விதிதான் வீடுகளை ஏரிக்கும் சதுப்புக்கும் துரத்துகிறது. பெருநகரப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி 2022இல் ஆணையிட்டனர். பரப்பு விரிந்தது, நடுவே நெருங்கி வாழ வழி செய்யாவிட்டால், அந்த ஐயாயிரமும் வயலும் ஏரியும் விழுங்கிய மனைப் பிரிவுகளாகத்தான் முடியும்.

ஆகவே, மூன்றாம் முழுமைத் திட்டத்தை வகுப்போர்க்கு நமது வேண்டுகோள் இது. மின்சார இரயில், பறக்கும் இரயில், மெட்ரோ நிலையங்களிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள், ஒரு கிரவுண்டோ அதற்கும் குறைவோ உள்ள மனையில், நாலு மாடிவரை சிறு வீடுகள் கட்ட, விலைக்கு வாங்க வேண்டாத உரிமை வழங்குக. அங்கே கார் இடம் கட்டாயமில்லை என்று எழுதுக. மிதிவண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும் இடமிருந்தால் போதும். வாசலில் இட்டிலிக் கடை வைக்கவும் தையல் எந்திரம் போடவும் மண்டல மாற்ற மனு எழுதச் சொல்லாதிருக்க. தளத்தை விற்று வந்த பணம் எந்த வட்டத்தில் வந்தது, எந்த வட்டத்தின் குழாய்க்குப் போயிற்று என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுக.

வரைவைச் சட்டப்படி வெளியிட்டு, மக்களிடம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்டாக வேண்டும். கேட்பர். ஆனால் எப்படிக் கேட்பர்? ஆங்கிலத்தில், பல நூறு பக்கத்தில், இணையத்தின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, நாளும் குறித்துவிட்டால், கேட்டது யாரை? பெரும்பாக்கத்து எட்டாம் மாடியில் இருக்கும் பெண்ணையா? அந்த வரைபடம் தமிழில் வரட்டும். மாநகராட்சியின் ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும், நியாயவிலைக் கடைச் சுவரிலும், அந்த வட்டத்தின் படம் பெரிதாக ஒட்டப்படட்டும். எந்தத் தெருவில் எத்தனை வீடு கட்டலாம், யாருக்கு எத்தனை பங்கு என்பது அதில் எழுதியிருக்கட்டும். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் முதலில் ஒட்டுங்கள். அங்கிருப்போர் விட்டு வந்த தெருக்களின் படத்தையும் சேர்த்து.